பாராசிட்டமால்: மருந்து வாங்க வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காய்ச்சல் காலம் தொடங்கிவிட்டால் மருந்துக் கவுண்ட்டரில் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. வரிசை நீளும்போது ஒவ்வொருவருக்கும் நிதானமாக விளக்கிச் சொல்ல மருந்தாளுநர்களாகிய எங்களால் முடிவதில்லை. அதனால் பாராசிட்டமாலைப் பற்றி மக்கள் என்னிடம் கேட்டவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதில்களைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். உங்களை நேரில் பரிசோதித்த மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே பின்பற்றுங்கள்.

டோலோ, குரோசின், கால்பால்... இதில் எது நல்ல மாத்திரை?

மூன்றிலும் இருப்பது பாராசிட்டமால் என்ற ஒரே மருந்துதான். இலங்கையில் பனடோல் என்று கேட்டு வாங்குவதும் இதைத்தான். அமெரிக்காவில் இதற்கு அசிட்டமினோஃபென் என்று பெயர். டைலனால் என்ற வணிகப் பெயரில் விற்கிறார்கள். அரசு மருத்துவமனையில் கொடுக்கும் வெள்ளை மாத்திரையும் இதுவே. காசு கொடுக்காமல் வாங்கியதால் அது குறைவாக வேலை செய்யும் என்று நினைக்க வேண்டியதில்லை.

பார்க்க வேண்டியது அளவை. மாத்திரையில் 500 மி.கி. இருக்கிறதா, 650 மி.கி. இருக்கிறதா என்பது அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், அச்சாகியிருக்கும். படிக்கச் சிரமமாக இருந்தால் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் காட்டி, மருந்தின் பெயரையும் அந்த எண்ணையும் ஒருமுறை அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கும் அது தேவைப்படும்.

பெரியவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை போடலாம்?

ஒரு வேளைக்கு 500 முதல் 1,000 மி.கி. வரை. இரண்டு வேளைகளுக்கு இடையே குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் 6 மணி நேரம் விட வேண்டும். 24 மணி நேரத்தில் எல்லாம் சேர்த்து 4,000 மி.கி. தாண்டக் கூடாது. இது உச்ச வரம்பு. அந்த அளவு போட்டால்தான் குணமாகும் என்று பொருளல்ல. மருத்துவரைப் பார்க்காமல் வீட்டிலேயே சமாளிப்பவர்களுக்கு 3,000 மி.கி.யோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்கிறேன். 650 மாத்திரையை நான்கு வேளை போட்டால் 2,600 மி.கி. ஆகிறது. சாதாரணக் காய்ச்சலுக்கு அது தாராளம்.

50 கிலோவுக்குக் குறைந்த எடை உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நம் வீடுகளில் பாட்டிமார்கள் பலர் 40 கிலோதான் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு வேளைக்கு ஒரு 500 மி.கி. மாத்திரை, நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். நாள் என்று நான் சொல்வது முதல் மாத்திரை போட்ட நேரத்திலிருந்து 24 மணி நேரம். நள்ளிரவு தாண்டியதும் புதுக் கணக்கு தொடங்கிவிடாது.

வெறும் வயிற்றில் போடலாமா?

போடலாம். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போல இது வயிற்றைப் புண்ணாக்குவதில்லை. வாய்க்கு எதுவும் பிடிக்காத நேரத்தில் மாத்திரைக்காக இட்லியைத் திணிக்க வேண்டாம். ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கினால் போதும். ஆனால் பல நாட்களாகச் சாப்பாடே இல்லாமல் கிடப்பவரின் நிலை வேறு. அதை மதுவைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

போட்டு அரை மணி நேரம் ஆகிவிட்டது, சூடு அப்படியே இருக்கிறது. இன்னொன்று போடலாமா?

வேண்டாம். மாத்திரை வேலையைத் தொடங்கவே அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். முழுப் பலன் தெரிய இரண்டு, மூன்று மணி நேரம்கூட ஆகலாம். 103 டிகிரி இருந்தது 101-க்கு இறங்கினாலே மருந்து வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 98.4-க்கு வந்தே தீர வேண்டும் என்ற பிடிவாதத்தில்தான் பலர் அளவு மீறுகிறார்கள். காய்ச்சல் என்பது கிருமியோடு உடம்பு போராடுவதன் அடையாளம். பாராசிட்டமால் சூட்டையும் வலியையும் சில மணி நேரம் தணிக்கும், நோயைக் குணப்படுத்தாது. நோய் இருக்கும் வரை காய்ச்சல் திரும்ப வருவது இயல்பு.

காத்திருக்கும் நேரத்தில் கம்பளியை எடுத்துவிட்டு, கஞ்சியோ இளநீரோ மோரோ கொடுங்கள். சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்கலாம். ஐஸ் தண்ணீர் வேண்டாம். உடம்பு நடுங்கி உள்சூடு இன்னும் ஏறும்.

ஊசி போட்டால்தான் எனக்குக் குறையும். மாத்திரை கேட்காது.

ஊசியில் இருப்பதும் பெரும்பாலும் இதே பாராசிட்டமால்தான். விழுங்க முடியாதவருக்கும், வாந்தி நிற்காதவருக்கும், மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கும் ஊசி தேவைப்படும். விழுங்க முடிந்தவருக்கு மாத்திரையே போதும். இன்னொன்றையும் கவனியுங்கள்: மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் மாத்திரையும் போட்டால் இரண்டும் ஒரே கணக்கில்தான் சேரும். என்ன ஊசி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள். கேட்பதில் தவறே இல்லை.

எத்தனை டிகிரி இருந்தால் மாத்திரை போட வேண்டும்?

100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ், தொட்டால் காய்ச்சல் என்கிறோம். அந்த எண்ணைப் பார்த்ததும் மாத்திரை போட்டே ஆக வேண்டும் என்றில்லை. உடம்பு வலி, தலைவலி, தூங்க முடியாத அவஸ்தை இருந்தால் போடுங்கள். 101 டிகிரி இருக்கும் குழந்தை விளையாடிக்கொண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்தால் அதைப் பிடித்து வைத்து மருந்து புகட்ட வேண்டாம். கழுத்தில் கை வைத்துப் பார்த்துச் சொல்லும் கணக்கை நம்பாதீர்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

மருந்துக்கடையில் காய்ச்சலுக்கு ஒரு செட் வாங்கிப் போட்டேன். கூடவே டோலோவும் போடலாமா?

என்னை அதிகம் கவலைப்படுத்தும் கேள்வி இதுதான். “காய்ச்சல், சளி, உடம்பு வலி, இரண்டு வேளைக்கு ஒரு செட் கொடுங்கள்” என்று கேட்பதும், கடைக்காரர் நான்கைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டிச் சிறிய காகித உறையில் போட்டுக் கொடுப்பதும் நம் ஊர்களில் சாதாரணமாகிவிட்டது. வெட்டிய துண்டில் மருந்தின் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. அதில் பாராசிட்டமால் அநேகமாக இருக்கும். வலி மாத்திரை, சளி மாத்திரை, ஆன்டிபயாடிக், சில இடங்களில் ஸ்டீராய்டுகூட இருக்கும். எது எதுவென்று உங்களுக்கும் தெரியாது. நாளை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது.

ஒரு கணக்குப் பாருங்கள். 500 மி.கி. பாராசிட்டமால் சேர்ந்த சளி மாத்திரை மூன்று வேளை: 1,500. அசிக்ளோஃபெனாக்கோடு 325 மி.கி. பாராசிட்டமால் சேர்ந்த வலி மாத்திரை இரண்டு வேளை: 650. அவற்றோடு டோலோ 650 நான்கு வேளை: 2,600. மொத்தம் 4,750 மி.கி. மூன்று மாத்திரைகளையும் ‘சரியான அளவில்’ போட்டவர், அறியாமலேயே வரம்பைத் தாண்டிவிட்டார். நான் பார்த்தவரை அளவு மீறுபவர்களில் பலர் இப்படிப்பட்டவர்கள்தான்.

ஆகவே, உறையில் என்ன இருக்கிறதென்று தெரியாதபோது அதோடு டோலோ சேர்க்காதீர்கள். அடுத்த முறை வாங்கும்போது ஒவ்வொன்றின் பெயரையும் உறையின்மேல் எழுதித் தரச் சொல்லுங்கள், அல்லது பெயர் அச்சான பகுதியோடு வெட்டித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

எந்தெந்த மருந்துகளில் இது கலந்திருக்கிறது?

மூக்கடைப்பு, தும்மலுக்கான சளி மாத்திரைகள் பெரும்பாலானவற்றில். மூட்டுவலி, பல்வலிக்குத் தரும் அசிக்ளோஃபெனாக் கலவைகளில். காம்பிஃப்ளாம் போன்ற இபுப்ரோஃபென் கலவைகளில். டிரமடால் சேர்ந்த வலி மாத்திரைகளில். கஃபீன் சேர்ந்த தலைவலி மாத்திரைகள் சிலவற்றில். வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் கொண்டுவரும், வெந்நீரில் கலக்கிக் குடிக்கும் சளிப் பொடிகளிலும் உண்டு. முதல் பதிலில் அடையாளம் கண்டு வைக்கச் சொன்ன அந்தப் பெயர் இங்கேதான் உதவும். அது இரண்டு அட்டைகளில் தென்பட்டால் ஒன்றை ஒதுக்கி வையுங்கள்.

இவ்வளவு சாதாரண மாத்திரைக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு?

சரியான அளவில் இதைவிடப் பாதுகாப்பான வலிநிவாரணி கிடைப்பது அரிது. அளவு மீறினால் கல்லீரலையே அழிக்கக் கூடியதும் இதுதான். விழுங்கியதில் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கில்லாத பொருளாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் நச்சுப் பொருளாக மாறும். கல்லீரலில் உள்ள குளுட்டாதயோன் என்ற காப்புப் பொருள் அதை உடனே செயலிழக்கச் செய்துவிடும். மருந்து மிதமிஞ்சிப் போனால் நச்சு பெருகும், குளுட்டாதயோன் தீர்ந்துபோகும். அதன்பின் அந்த நச்சு கல்லீரல் செல்களையே தாக்கிக் கொல்கிறது.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் திடீர்க் கல்லீரல் செயலிழப்புக்கு முதன்மையான காரணம் பாராசிட்டமால் மிகையளவுதான். இதனால் பிரிட்டனில் 1998-இல் ஒரு பெட்டியில் எத்தனை மாத்திரை விற்கலாம் என்பதற்கே வரம்பு கொண்டுவந்தார்கள்: சாதாரணக் கடையில் 16, மருந்துக்கடையில் 32.

என் குழந்தைக்கு எத்தனை மி.லி. கொடுக்க வேண்டும்?

வயதைச் சொல்லிக் கேட்காதீர்கள், எடையைச் சொல்லுங்கள். ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மி.கி. வரை ஒரு வேளைக்கு. 4 முதல் 6 மணி நேர இடைவெளி. 24 மணி நேரத்தில் நான்கு வேளை போதும்.

அடுத்தது பாட்டில். சிரப் 5 மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி. உள்ளதாகவும் வரும், 250 மி.கி. உள்ளதாகவும் வரும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒவ்வொரு மி.லி.யிலும் 100 மி.கி. இருக்கும். இதைவிடச் செறிவானதும் உண்டு. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. கொடுக்க வேண்டுமானால் 125 சிரப்பில் 6 மி.லி., 250 சிரப்பில் 3 மி.லி., சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி. மட்டுமே. பெரிய பிள்ளைக்குச் சிரப் கொடுத்த பழக்கத்தில் சொட்டு மருந்தை 6 மி.லி. ஊற்றினால் 600 மி.கி. உள்ளே போய்விடும். சின்ன பாட்டில் என்பதால் வீரியம் குறைந்தது என்று நினைப்பது ஆபத்து. சொட்டு மருந்துதான் வீரியம் மிகுந்தது.

சமையலறை ஸ்பூனால் அளக்க வேண்டாம், ஸ்பூனுக்கு ஸ்பூன் கொள்ளளவு மாறும். பாட்டிலோடு வரும் மூடியையோ ஊசியில்லாத சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள். கொடுத்த நேரத்தை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். அம்மா கொடுத்தது தெரியாமல் ஆச்சியும் கொடுப்பது கூட்டுக் குடும்பங்களில் அடிக்கடி நடக்கிறது.

மருந்தைக் குடித்ததும் வாந்தி எடுத்துவிட்டான். திரும்பக் கொடுக்கலாமா?

அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்திருந்தால் அதே அளவை ஒருமுறை திரும்பக் கொடுக்கலாம். அரை மணி நேரம் தாண்டியிருந்தால் அடுத்த வேளை வரை காத்திருங்கள். ஒவ்வொரு முறையும் வாந்தி எடுத்தால் ஆசனவாயில் வைக்கும் வடிவிலும் இந்த மருந்து உண்டு. ஆனால் அந்த நிலையில் மருத்துவரிடம் போவதே சரி. தண்ணீர்ச் சத்துக் குறைவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தடுப்பூசி போடும் முன்பே கொடுத்துவிட்டால் காய்ச்சல் வராதுதானே?

முன்கூட்டிக் கொடுக்க வேண்டாம். செக் குடியரசில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், தடுப்பூசியை ஒட்டி வழக்கமாகப் பாராசிட்டமால் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்குக் காய்ச்சல் குறைந்தது; கூடவே சில தடுப்பூசிகளுக்கு உருவாகும் எதிர்ப்புச் சக்தியின் அளவும் குறைந்தது. ஊசி போட்ட பிறகு காய்ச்சலோ வலியோ வந்து குழந்தை சிணுங்கினால், செவிலியர் சொன்ன அளவில் கொடுங்கள்.

3 மாதம் நிறையாத குழந்தைக்கு, தடுப்பூசி போடாத நேரத்தில் காய்ச்சல் வந்தால் வீட்டில் சிரப் கொடுத்துப் பார்க்கவே கூடாது. இரவானாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அந்த வயதில் காய்ச்சல் ரத்தத்தில் பரவிய கிருமித்தொற்றின் முதல் அடையாளமாக இருக்கலாம்.

போன முறை காய்ச்சலில் வலிப்பு வந்தது. நேரம் தவறாமல் கொடுத்தால் தடுக்க முடியுமா?

அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் காய்ச்சல் வலிப்பைப் பாராசிட்டமால் தடுக்கும் என்பதற்கு ஆய்வுகளில் நல்ல சான்று கிடைக்கவில்லை. குழந்தையின் அவஸ்தையைக் குறைக்கக் கொடுங்கள். வலிப்புக்குப் பயந்து அளவைக் கூட்டாதீர்கள், இடைவெளியைக் குறைக்காதீர்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஸ்பூனோ விரலோ வைக்காதீர்கள், கையில் இரும்பைத் திணிக்காதீர்கள். 5 நிமிடத்தில் நிற்காவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

செய்தி பார்த்ததிலிருந்து எந்தச் சிரப்பும் கொடுக்கப் பயமாக இருக்கிறது.

2025-இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு சளி மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுக் கரைப்பான் மிக அதிக அளவில் கலந்திருந்தது அதன்பின் கண்டறியப்பட்டது. உயிரைப் பறித்தது அந்தக் கரைப்பான். அது மன்னிக்க முடியாத குற்றம். பெற்றோர் பயப்படுவதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. சிறு குழந்தைகளுக்குச் சளி, இருமல் கலவை மருந்துகளைத் தவிருங்கள். குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2023-இல் சொல்லிவிட்டது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் உள்ள சிரப்பை உரிமம் பெற்ற கடையில் ரசீதோடு வாங்குங்கள். தொகுதி எண் அச்சான பெட்டியை மருந்து தீரும் வரை வைத்திருங்கள். கொடுத்த பிறகு குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பி/500 என்று எழுதிய வெள்ளை மாத்திரையில் வைரஸ் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

பொய். மச்சுப்போ வைரஸ் இருப்பதாகச் சொல்லும் அந்தச் செய்தி 2017 முதல் பல நாடுகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த வைரஸ் பொலிவியாவில் ஒருவகை எலியிடமிருந்து பரவுவது. உலர்ந்த மாத்திரைக்குள் வைரஸ் உயிர்வாழ முடியாது.

டெங்கு என்று சொல்லிவிட்டார்கள். எந்த வலி மாத்திரை போடலாம்?

பாராசிட்டமால் மட்டும். டெங்குவில் ரத்தத் தட்டணுக்கள் குறையும், ரத்தக்கசிவு அபாயம் உண்டு. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபனமிக் அமிலம் ஆகியவை அந்த அபாயத்தைக் கூட்டும். மழைக்காலத்தில் வரும் எந்தக் காய்ச்சலும் டெங்குவாக இருக்கலாம். பரிசோதனை முடிவு வரும் முன்பேகூட இந்த மருந்துகளைத் தொடாதீர்கள். மேலே சொன்ன ‘செட்’ மாத்திரை டெங்கு காலத்தில் இரட்டை ஆபத்தாவது இதனால்தான்.

டெங்குவில் உடம்பு வலி கடுமையாக இருப்பதால் அளவைக் கூட்டத் தோன்றும். கூட்டக் கூடாது, டெங்கு கல்லீரலையும் பாதிக்கக் கூடியது. காய்ச்சல் இறங்கியதும் குணமாகிவிட்டது என்றும் நினைக்காதீர்கள். மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும் நேரமே கவனமாக இருக்க வேண்டிய நேரம். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு, சிறுநீர் குறைவு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வெயிலில் வேலை பார்த்து மயங்கிவிட்டார், உடம்பு கொதிக்கிறது. பாராசிட்டமால் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அது காய்ச்சல் அல்ல, வெப்பத் தாக்கு. காய்ச்சலில் மூளை தானே வெப்பநிலையை உயர்த்தி வைக்கிறது. அதைத்தான் இந்த மருந்து இறக்கும். வெயிலில் ஏறிய சூட்டுக்கு இது பயன்படாது, பாதிக்கப்பட்டிருக்கும் கல்லீரலுக்குச் சுமையும் ஆகும். நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். 108-ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

வீட்டுக்காரர் தினமும் குடிப்பவர். அவருக்குக் கொடுக்கலாமா?

குறைந்த அளவில், சில நாட்களுக்கு மட்டும் கொடுக்கலாம். தொடர்ந்து குடிப்பவர்களுக்கு முன்பு சொன்ன நச்சுப் பொருள் கூடுதலாக உருவாகும், அதை அடக்கும் குளுட்டாதயோன் குறைவாக இருக்கும். அவர்கள் நாளைக்கு 2,000 மி.கி.யைத் தாண்டாமல் இருப்பது நல்லது. மஞ்சள் காமாலையோ கல்லீரல் சுருக்கமோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையும் வேண்டாம். போதைத் தலைவலிக்கு இரண்டு, மூன்றாக விழுங்கும் பழக்கத்தை வீட்டில் யாராவது கண்டிக்க வேண்டும்.

பல நாட்களாகச் சாப்பிடாமல் இருப்பவருக்கும், மிகவும் மெலிந்தவருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவர்களிடமும் குளுட்டாதயோன் கையிருப்புக் குறைவு. வலிப்புக்கு ஃபெனிட்டாயின், கார்பமாசெபின் எடுப்பவர்களும், காசநோய் மருந்து எடுப்பவர்களும் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் ஒன்றிரண்டு மாத்திரை போடுவதில் சிக்கலில்லை. நாள்தோறும் போட்டால் ரத்தக்கசிவு அபாயம் கூடும், ரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

தினமும் தலைவலி, தினமும் ஒன்று போடுகிறேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் இப்படிப் போட்டு வந்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கிவிடும். மாத்திரை போட்டால் வலி போகும், வேகம் தீர்ந்ததும் வலி வரும், மறுபடி மாத்திரை. நிறுத்தினால் முதலில் சில நாட்கள் வலி கூடி, பிறகு குறையும். மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள். கண்ணையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடுப்புப் பிடிப்புக்காக நாள் முழுக்கப் போடுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1,600-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், திடீர் இடுப்பு வலி குணமாகும் வேகத்தில் பாராசிட்டமாலுக்கும் வெறும் போலி மாத்திரைக்கும் வேறுபாடு தெரியவில்லை. பலன் இல்லாத இடத்தில் அளவைக் கூட்டி என்ன பயன்?

கர்ப்பமாக இருக்கிறேன். இது போட்டால் குழந்தைக்கு ஆட்டிசம் வரும் என்கிறார்களே?

2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் டிரம்ப் கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும் என்று அறிவித்த பிறகு இந்தக் கேள்வி பெருகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் அதே வாரத்தில், அத்தகைய தொடர்பு உறுதியாகவில்லை என்று தெரிவித்தது. ஸ்வீடனில் ஏறத்தாழ 25 லட்சம் குழந்தைகளின் பதிவுகளைக் கொண்டு 2024-இல் வெளியான ஆய்வு, ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. கர்ப்பத்தில் இந்த மருந்தை எடுத்தபோது பிறந்த பிள்ளைக்கும் எடுக்காதபோது பிறந்த பிள்ளைக்கும் ஆட்டிச வாய்ப்பில் வேறுபாடு இல்லை.

கர்ப்ப காலத்தில் கடும் காய்ச்சலைக் கவனிக்காமல் விடுவதும் குழந்தைக்குக் கேடுதான். தேவைப்படும்போது, குறைந்த அளவில், குறைந்த நாட்கள், மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள். இதற்குப் பதிலாக இபுப்ரோஃபெனுக்கு மாறிவிடாதீர்கள். 20 வாரத்துக்குப் பிறகு அது குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடும். தாய்ப்பால் கொடுக்கும்போது பாராசிட்டமால் எடுக்கலாம்.

மாத்திரை போட்டதும் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. தொடரலாமா?

நிறுத்திவிடுங்கள். மிக அரிதாக, தோல் கொப்புளமாகி உரியும் கடுமையான ஒவ்வாமையை இந்த மருந்து உண்டாக்கக் கூடும். வாயில் புண், கண் சிவப்பு, கொப்புளம், மூச்சுத் திணறல் இருந்தால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அதன்பின் எந்த மருத்துவரிடம் போனாலும் இதை முதலில் சொல்ல வேண்டும், கலவை மருந்துகளும் ஆகாது என்பதையும் சேர்த்து.

எங்கள் பூனைக்குக் காய்ச்சல். கால் மாத்திரை கொடுக்கலாமா?

ஒரு துணுக்குக்கூடக் கொடுக்காதீர்கள். மனிதக் கல்லீரல் செய்யும் மாற்றத்தைப் பூனையின் கல்லீரலால் செய்ய முடியாது. ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கும் கால்நடை மருத்துவர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம்.

அப்பா கணக்குத் தெரியாமல் நேற்று நிறையப் போட்டுவிட்டார். ஆனால் நன்றாகத்தான் இருக்கிறார். பார்த்துக்கொண்டு இருக்கலாமா?

இருக்கக் கூடாது. இப்போதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். முதல் 24 மணி நேரத்தில் குமட்டல், லேசான வாந்தி மட்டும் இருக்கலாம், ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வலது விலாவுக்குக் கீழ் வலி, மஞ்சள் காமாலை, குழப்பம் எல்லாம் வெளிப்படும். அறிகுறிக்காகக் காத்திருந்தால் மருந்துக்கான நேரம் நழுவிவிடும்.

இந்த நச்சை முறிக்கும் மருந்து இருக்கிறது: அசிட்டைல்சிஸ்டீன். தீர்ந்துபோன குளுட்டாதயோனை அது மீட்டுத் தருகிறது. மிகையளவு விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் கல்லீரலை ஏறத்தாழ முழுமையாகக் காப்பாற்றிவிடலாம். தாமதமாகிவிட்டாலும் பயன் உண்டு, அதனால் நேற்று நடந்தது என்று விட்டுவிடாதீர்கள். வீட்டில் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். காலியான அட்டைகளையும் மற்ற மாத்திரைகளையும் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். எத்தனை, எப்போது என்று மருத்துவர் கேட்பார்.

வேண்டுமென்றே ஒருவர் விழுங்கியிருந்தாலும் செய்ய வேண்டியது இதுவே. திட்டாமல், விசாரணை நடத்தாமல் முதலில் 108-ஐ அழையுங்கள். சாதாரணக் காய்ச்சல் மாத்திரைதானே, ஒன்றும் ஆகாது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அப்படிப்பட்ட எண்ணம் உள்ளவர் வீட்டில் இருந்தால் ஓர் அட்டைக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள், அதையும் பூட்டி வையுங்கள். மனம் விட்டுப் பேச டெலி மானஸ் உதவி எண் 14416 எந்த நேரமும் கிடைக்கும், தமிழ்நாட்டில் 104-லும் பேசலாம்.